மொத நம்பர் யாருக்கு?

"உக்காருங்க, உக்காருங்க! அரிசி மூட்டை மேலயே உக்காருங்க, பரவால்ல. யோவ் பொன்னுதுரை, அந்த வாயைக் கொஞ்சம் மூடு. பொட்டி பேசப் போவுது!"

ஜெயபாலன் கத்தின கத்துல, காஜா பேராங் ரோட்டுல சைக்கிள்ல போனவன்கூட இறங்கி எட்டிப் பார்த்தான்.

பின்னே? மெர்டேக்காவுக்கு, அதான் சுதந்திரத்துக்கு, அப்புறம் அந்தக் கடைத்தெரு பார்த்த பெரிய அதிசயம் இதுதான். அக்கா சிவகாமசுந்தரியோட மளிகைக் கடைக்காக, தம்பி ஜெயபாலன் சிங்கப்பூர்ல இருந்து சுமந்துட்டு வந்த பொட்டி. கடையைப் பூட்டினப்புறம் எவனாவது கதவை நெம்பினா, பொட்டி தானா போனைச் சுத்தும். தானா பேசும்.

பேசுறது ஜெயபாலன் குரல்தான். "பெஞ்சூரி! பெஞ்சூரி! காஜா பேராங்!"னு, திருடன் வந்துட்டான்னு மலாய்ல அலறிப் பதிஞ்சு வச்சிருந்தான். போட்டுக் காட்டினான்.

"திருடன் ஓடுறானோ இல்லியோ, போனை எடுக்கிறவன் ஓடிருவான்லா!"ன்னான் பொன்னுதுரை.

"சிரிக்காதய்யா. மூணு நம்பர் ஏத்தலாம். மொத ஆளு எடுத்தப்புறம்தான் அடுத்த நம்பருக்குப் போவும். அதனால மொத நம்பர்தான் கெத்து. அந்த ஆளு ஓடியாந்து திருடன் சட்டையைப் பிடிக்கணும்!"

சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்துச்சு. அவன் வீட்டுக்கு இப்பதான் போன் வந்திருக்கு. வீடும் பக்கத்துலதான். கடையில தும்மினா வீட்ல கேக்கும்.

"சொல்லுக்கா, மொத நம்பர்?"

அந்தக் கடையில தராசுகூட கிறீச்சுன்னு ஏதாச்சும் பேசும், அக்கா பேசாது. நம்பரை மட்டும் மெதுவா சொல்லிச்சு. ஏத்திக்கிட்டே வந்த ஜெயபாலன் கை பாதியில நின்னுச்சு.

"அக்கா, இது புக்கிட் காதில் வொர்க்ஷாப் நம்பராச்சே?"

எல்லார் கண்ணும் வாசலுக்குப் போச்சு. சீனி வாங்க வந்த கருணாகரன் அங்க நின்னான். அந்த வொர்க்ஷாப்புல காடி ரிப்பேர் பாக்கிறவன். படுக்கையும் அங்கதான், முதலாளி தவுக்கேயோட. மீசை முளைக்காத வயசுல இதே கடைக் கல்லாவை உடைச்சு ஜெயிலுக்குப் போனவன். வந்தப்புறம் அடுத்தவன் குண்டூசியைத் தொட்டதில்ல.

"நல்லாருக்கே கதை! திருடன் வந்தா திருடனுக்கேவா போன்? புக்கிட் காதில்ல இருந்து இவன் சைக்கிள் மிதிச்சு வர்றதுக்குள்ள, வந்தவன் குளிச்சு, பசியாறி, வெத்தலை போட்டுட்டுப் போயிருவான்!"ன்னான் ஜெயபாலன்.

கடை சிரிச்சுச்சு. சிரிப்பைப் பாத்ததும் அவனுக்குக் குஷி வந்துருச்சு. போலீஸ் சார்ஜன் மாதிரி வயித்தைத் தள்ளி, கண்ணை உருட்டினான்.

"செங் ஊர்ல கோழி காணாமப் போனாலும் போலீஸ் ஜீப்பு இவன் வாசல்லதானே நிக்கிது! 'ஹோய் கருணா! மாரி, மாரி! வா, வந்து ஏறு ஜீப்புல!' பண்டார் ஹிலிர் நகைக்கடை உடைஞ்சப்பவும் இவனைத்தானே உள்ள வச்சாங்க. நெசத் திருடன் மாட்டினப்புறம்தானே விட்டாங்க! இன்னொரு தடவை ஜீப்பு வந்தா வேலைக்கே வராதன்னு தவுக்கே சொல்லிட்டாராம்!"

கருணாகரனும் சிரிச்சான். ஆனா கையில இருந்த சீனிப் பொட்டலம் கசங்கி, ஓரமா ஒழுகுச்சு.

"வேணாம்க்கா. தம்பி நம்பரையே போடுங்க"ன்னான்.

ஜெயபாலன் வெற்றியோட அக்காவைப் பாத்தான். "அவனே சொல்லிட்டான். அப்பறம் என்னக்கா?"

அக்கா எந்திரிச்சு வந்து, ஒழுகின பொட்டலத்தை வாங்கி வேற காகிதத்துல கட்டிச்சு. கட்டிக்கிட்டே சொல்லிச்சு:

"ஓடியாறதுக்கு உனக்கெதுக்குடா நம்பர், தும்மினாலே கேக்குமே! நாளைக்கு என் கடை உடைஞ்சாலும் ஜீப்பு அங்கதான போவும்? போவட்டும். கடையை உடைக்கிற நேரத்துல புக்கிட் காதில்ல, தவுக்கே பக்கத்துல நின்னு போனை எடுத்த ஆளை எந்தச் சார்ஜன்டா ஜீப்புல ஏத்துவான்? ஏத்துடா நம்பரை!"