மேல்வீட்டுக் குலவை

கெய்ரோவில் அந்தக் கட்டடத்தின் கழிவறை ஜன்னல்கள் எல்லாம் நடுவிலிருந்த ஒரே காற்றுக் குழியைப் பார்த்துத்தான் இருந்தன. மேல்வீட்டில் தும்மினால் கீழ்வீட்டில் கேட்கும்.

"தனியாவே போயாச்சு! கையும் கழுவியாச்சு! என் ராசா!"

புதிதாக மேலே குடிவந்த மதீஹாவின் குரல். கூடவே குலவை வேறு.

கீழே சோஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மகன் முராதுக்கு நாலு வயது. வெள்ளி, சனி வார விடுமுறை கழிந்து ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. இவனோ இன்னும், "அம்மா! முடிச்சிட்டேன்! வந்து கழுவி விடு!" என்று கட்டடமே அதிரக் கத்துகிறான்.

"மேல்வீட்டுப் பிள்ளை எப்படிச் சமர்த்தா இருக்கு! நீயும் இருக்கியே!"

"இனிமே தைரியமா பள்ளிக்கூடம் போகலாம்!" மேலே மறுபடியும் குலவை.

அதற்குமேல் சோஹாவுக்குத் தாங்கவில்லை. அந்த அதிசயப் பிள்ளையைப் பார்த்தே தீருவதென்று, ஒரு தட்டில் பஸ்பூசா இனிப்போடு படியேறினாள்.

"எங்கே உங்க பிள்ளை?"

"பிள்ளையா? இங்கே நானும் அவரும் மட்டும்தானே!"

உள்ளேயிருந்து கைத்தடியை ஊன்றியபடி நரைத்த மனிதர் ஒருவர் மெல்ல நடந்து வந்தார்.

"வாத்தியார். பக்கவாதத்துல படுத்துட்டார். கழிவறைக்குத் தனியாப் போகாம வகுப்புக்குப் போகமாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

அந்நேரம் பார்த்துக் கீழிருந்து வந்தது: "அம்மா! முடிச்சிட்டேன்! வந்து கழுவி விடு!"

சோஹா கூனிக் குறுகிப் போனாள்.

"உங்க பையன்தானா அது?" மதீஹா குரலைத் தாழ்த்தினாள். "இத்தனை மாசமா உதவிக்கு என்னைக் கூப்பிட வெக்கப்பட்டு இவருக்கு வாயே வரலை. அவன் வெக்கமே படாம கூப்பிடுறானேன்னு இவருக்கு அவ்வளவு பொறாமை!"