இடது பக்கத்துப் பேய்

மாமா எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார்.

கூடம் இருட்டானது. சுவர் உயரத்துக்கு நின்ற டிஸ்ப்ளேயில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பாதியையே பார்த்தேன்.

அவள் என் ஓர்ப்படி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த சூட்டோடு கம்பெனிக்கும் வந்துவிட்டாள். மாமாவின் கம்பெனியில் எல்இடி பேனலை எரியவைக்கும் டிரைவர் சர்க்யூட் என்றால் அதுவரை நான் போட்டதுதான். இப்போது எதற்கெடுத்தாலும் ‘சின்னவளைக் கேளு’. அவள் போர்டு சூடே ஆவதில்லையாம் என்று மாமியார்கூட என்னிடமே வந்து சொல்கிறார். மிக்ஸி புகைந்தாலே அவருக்குத் தெரியாது.

இது விளையாட்டு மைதானத்துக்குப் போகிற ஸ்கோர்போர்டு. இதற்கு யாருடைய சர்க்யூட் என்று மாமா இன்று சொல்லிவிடுவார். ஒரு பாதியில் அவளுடைய பச்சைப் போர்டுகள், மறுபாதியில் என் நீலப் போர்டுகள். காலையிலிருந்து பேனலின் முதுகுப்பக்கம் நின்று மாட்டினோம். அவள் இடது, நான் வலது. நடுவில் இரண்டு தடவை, ஏதாவது உதவட்டுமா அக்கா என்று வேறு கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோடு பாதி தூரம் இறங்கியிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

இருந்தது! இடது பக்கம், கோட்டுக்கு மேலே, அணைந்திருக்க வேண்டிய வரியில் சாம்பல் பூத்தாற்போல ஒரு மங்கல். அணைத்த வரியில் மிச்சக் கரண்ட் வடியாமல் நின்றால் இப்படித்தான் லேசாக எரியும். எங்கள் தொழிலில் அதற்குப் பேய் என்று பெயர்.

வலது பக்கம் சுத்தமான கறுப்பு.

வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது எனக்கு.

“இடது பக்கம் பேய் ஓடுது மாமா! மிச்சக் கரண்ட்ட வடிய விடத் தெரியாதவங்கள்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வரணும்?”

மாமா கிட்டே போய் மூக்கு உரசும்படி பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“ஆமா மாமா, தெரியுது. அக்கா போர்டையே வெச்சுக்கலாம்.”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பேனலுக்குப் பின்னால் போய்விட்டாள். பெரியவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மாமா என்னை மெச்சினார்.

அழுகிறாளோ என்னவோ. அதைப் பார்க்காமல் விட மனசு வரவில்லை. ஆறுதல் சொல்கிற சாக்கில் நானும் பின்னால் போனேன்.

அவள் அழவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வலது பக்கம் குனிந்து நின்றாள்.

டார்ச் வெளிச்சம் நீலத்தின் மேல் விழுந்தது.

கையில் சின்ன ஸ்க்ரூடிரைவர். மிச்சக் கரண்ட்டை வடிய விடுகிற திருகை நிதானமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். காலையில் அவளை முறைத்துக்கொண்டே வேலை செய்ததில் நான் தொடவே மறந்துபோன திருகு.

பின்னால் நிற்கும்போது வலது. முன்னால் போனால் அதுதான் இடது. ஐயோ, இந்தப் பேனல்களோடுதானே நான் இத்தனை வருஷமும் மாரடிக்கிறேன்!

பேய் போய்விட்டது, ஆனாலும் ஆர்டர் பெரியவளுக்குத்தான் என்று முன்பக்கமிருந்து மாமா சத்தம் கொடுத்தார்.

அவள் நிமிர்ந்தாள். ஸ்க்ரூடிரைவரை என் கையில் வைத்தாள். இந்தப் பக்கம் வந்து தன் பச்சைப் போர்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

மாமாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் குணத்தையும் கடவுள் அவளுக்கே கொடுத்து வைத்திருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.