இடது கைக்கு வேலை

இரண்டாவது அறை விழுந்தபோது கார் கொண்டை ஊசி வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் அறைக்குக் காரணம், கணவனின் அக்கா வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது. இரண்டாவதற்கு, ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டது. மூன்றாவதற்குக் காரணமே தேவைப்படவில்லை.

புதுக் கார். ஆட்டோமேட்டிக். இனி இடது காலுக்கும் இடது கைக்கும் வேலையே இல்லை என்று ஷோரூமில் விற்பனையாளன் பல்லெல்லாம் தெரியச் சொன்னான். கால் மட்டும்தான் சும்மா இருந்தது.

பழைய காரில் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அடி. அதற்குள் பாதிக் கோபம் ஆறியிருக்கும்.

பின் சீட்டில் மாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலது காதுதான் கேட்காது. கண் நன்றாகவே தெரியும். பெற்ற மகனை ஒரு வார்த்தை கேட்டாளா? இந்தக் காரை வாங்கும்போது மட்டும், கியர் வண்டிதான் வாங்க வேண்டும் என்று சாப்பிடாமல் அடம்பிடித்து வீட்டையே இரண்டாக்கினாள். அத்தைக்கு என்ன தெரியும் என்று அன்றைக்குச் சிரித்தவள் மருமகள்தான்.

அடுத்த அடியில் தலை கண்ணாடியில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. இந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று மனதாரச் சபித்தாள்.

அப்போதுதான் கருகிய நாற்றம் வந்தது. இறக்கம் முழுக்க பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"பிரேக் கருகுதுங்க. மேனுவல் கியர்ல போடுங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

ஓங்கிய கை பாதியில் நின்றது. அவன் காலுக்கடியில் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கியது. எதிரே வளைவு. அதற்கப்பால் ஒன்றுமில்லை.

முகம் வெளிறிப்போய், லீவரை மேனுவலுக்குத் தள்ளி, ஒவ்வொரு கியராகக் குறைத்தான். எஞ்சின் அலறியது. கார் முக்கி முனகி வேகம் குறைந்து, தடுப்புச் சுவரை உரசிக்கொண்டே திரும்பியது.

அதன் பிறகு வளைவுக்கு வளைவு கியர் மாற்றினான். கை லீவரை விட்டு நகரவில்லை. கன்னத்தைப் பொத்தியிருந்த தன் கையை அவள் மெல்ல இறக்கினாள். வலது காதுக்குள் ஒரே இரைச்சல்.

மலை முடிந்து நேர்ச்சாலை வந்தது. அவனுக்கு மூச்சு திரும்பியது, கூடவே கோபமும். லீவரைப் பழையபடி ஆட்டோமேட்டிக்குக்குத் தள்ளப் போனான்.

"அதுலயே ஓட்டுடா," என்றாள் மாமியார். "நீ சின்னப் பையனா இருந்தப்ப உங்கப்பாவும் இந்த மாதிரி கியர் மாத்தத் தேவையில்லாத ஒரு வண்டி வாங்கினாரு. நான்தான் அழுது அடம்பிடிச்சு விக்க வெச்சேன்."

அவன் ஏதோ முணுமுணுத்தபடி லீவரை மேனுவலிலேயே விட்டான்.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். மாமியார் இன்னும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்காத வலது காதைத் தேய்த்துக்கொண்டே.

முன் சீட்டில் இவளுக்கும் அந்தக் காதில்தான் இரைச்சல் நிற்கவில்லை.