குறையில்லாத விண்ணப்பம்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: இன்று முற்பகல், மூன்றாம் கவுண்டருக்கு ஒரு விண்ணப்பம் குறையே இல்லாமல் வந்து சேர்ந்தது. இந்த அலுவலகம் எழும்பிய நாளிலிருந்து இப்படியொரு அசம்பாவிதம் நடந்ததில்லை.

கொண்டுவந்தவள் ஒரு தையற்காரி. கேட்டது, மகளுக்கு ஒரு சக்கர நாற்காலி.

தினமும் மகளை முதுகில் சுமந்துபோய்த்தான் பள்ளிக்கூடத்தில் விடுகிறாள். மகள் வளர்ந்துகொண்டே போகிறாள். முதுகு அதே முதுகுதான்.

கவுண்டருக்குள் இருந்த சரிபார்ப்பு எழுத்தருக்கு, வரிசையில் நிற்பவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

முதல் தடவை, புகைப்படத்தில் மகளின் காது தெரியவில்லை என்று திருப்பினார். நடக்க முடியாத பிள்ளைக்குக் காதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவள் கேட்டதற்கு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மறுதடவை, காலியாக விட்ட கட்டத்தில் கோடு போடவில்லை. அதற்கும் அடுத்த தடவை, போட்ட கோடு வளைந்திருந்தது.

இன்று அவள் சண்டைக்கென்றே வந்திருந்தாள். பையில் பசை, கத்தரிக்கோல், ஸ்கேல், மைப்பெட்டி, இரண்டு காதும் விடைத்துத் தெரியும் புகைப்படம் ஒரு கட்டு.

“என்னம்மா, கடை போட வந்தியா?”

“குறையைச் சொல்லுங்க சார். இங்கயே தச்சுக் குடுத்துட்டுப் போறேன்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூதக்கண்ணாடியின் முகம் கறுத்தது.

தாளைப் புரட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கோட்டின் மேல் ஸ்கேலை வைத்தார். தன் ஸ்கேலில் நம்பிக்கை போய், அவளுடையதை வாங்கி வைத்தார். நேராகத்தான் இருந்தது.

அவருடைய விரல் போன இடமெல்லாம் அவள் கண்ணும் போனது, ஊசிக் காதைப் பார்ப்பதுபோல இமைக்காமல்.

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு முத்திரையைத் தேடி எடுத்தார். தூசியை ஊதினார். அலுவலக மை எப்போதோ காய்ந்துபோயிருந்தது. அவளே மைப்பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

‘முழுமையானது.’

ஆளைக் குத்துவதுபோல ஓங்கிக் குத்தினார்.

வரிசை கைதட்டியது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணத்தன்றுகூடத் தன்னை இத்தனை பேர் நிமிர்ந்து பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“நாற்காலி எப்ப சார் வரும்?”

“நாங்க சரிபார்க்கிற பிரிவும்மா. குடுக்கிறது வேற பிரிவு,” என்றார் அவர், அடுத்தவரின் தாளை இழுத்துக்கொண்டே.

“அது எந்த மாடி?”

கொடுக்கும் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை.