பத்து சதவீதம்

நந்தி மலைச்சரிவில் பால் நிலையத்தின் கேன்கள் காலை வெயிலில் மின்னுகின்றன. ஜெபிவோட்டின் பாலில் சோதனைக்காரர் விட்ட பால்மானி விறுவிறுவென்று அமிழ்கிறது. "இருபது லிட்டர்ல பத்து சதவீதம் தண்ணி. முழுசா ரெண்டாயிரம் மில்லி ஊத்தியிருக்க, தாயி." வரிசை சிரிக்கிறது. விடியலில் கணவன் கிப்சேரம் தன் இளைய மனைவி வீட்டுக்கென்று இரண்டு லிட்டர் போத்தலில் பால் மொண்டு போனான். அப்புறமும் கேன் கழுத்துவரை நிறைந்தே இருந்தது. அது ஏனென்று அவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது. "மிச்சம் பதினெட்டு லிட்டரும் நல்ல பால்தானேண்ணே?" அவள் கேட்டு முடிக்குமுன் நிலையத்து வழக்கப்படி கேன் முழுவதும் மண்ணில் கவிழ்கிறது. நுரையை நாய்கள் நக்குகின்றன. "என் மானத்த வாங்கிட்டாளே, திருட்டுச் சிறுக்கி!" என்று வரிசையிலிருந்து முதலில் கத்துகிறவன் கிப்சேரம்தான்.