கடைசி நிகழ்ச்சி அண்ணனுடையது

சீசனின் முதல் தேதியைச் செத்துப்போனவருக்குத்தான் குறித்தார்கள்.

“துறைமுக மைதானம், சனிக்கிழமை. கடைசி நிகழ்ச்சி உங்கண்ணன்.” ஒத்திகை ஹாலின் சுவர்க் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள் அண்ணி. “பூங்கா விழாவிலயும் அவர்தான் கடைசி. மில் ஹாலும் அப்படியே. அவரை முன்னாடி போட்டா, ஜனம் பாதியிலயே எழுந்து போயிடுது.”

“நான் வரலை அண்ணி.”

பேனா அப்படியே நின்றது. சொன்னவன் டோலக்கு. டோலக் வாசிப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். சொந்தப் பெயர் என்னவென்று அவன் பெண்டாட்டிக்கே சந்தேகம்தான்.

அண்ணன் அவனுக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. கூட உட்கார்ந்தவர். நாட்டுப்பாட்டு மேடைகளில் அவர் பாட, இவன் வாசிக்க, அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது. போன மழைக்காலத்தில் அவர் போன படகு கவிழ்ந்தது. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் அண்ணி இந்த யோசனையோடு வந்தாள். இருட்டு மேடை, ஒற்றை விளக்கு, ஆளில்லாத ஒரு மைக். ஸ்பீக்கரில் அண்ணனின் பதிவு செய்த குரல். பக்கத்தில் டோலக்கு மட்டும் நிஜமாக உட்கார்ந்து வாசிப்பான். வாசித்துக்கொண்டே அழுவான். அதைப் பார்த்து மைதானமே மூக்கைச் சிந்தும்.

“என்ன தம்பி விளையாடறே? போஸ்டர் ஒட்டியாச்சு. அவர் பாட்டுக்கு வேற எவன் வாசிப்பான்? நீ இல்லேன்னா இந்த சீசனே இல்ல.”

“போன விழாவில என் கை தவறிடுச்சு அண்ணி. ஒரு தட்டு விட்டுட்டேன்.”

“அதனால என்ன? யாருக்குத் தெரியப்போகுது?”

“அவருக்குத் தெரிஞ்சுது.” டோலக்கின் குரல் இறங்கியது. “நின்னார். நான் தாளத்தைப் பிடிக்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கிட்டு நின்னுட்டு, அப்புறம் எடுத்தார். உயிரோட இருந்தப்போ அப்படித்தான் என்னைக் காப்பாத்துவார். பதிவு பண்ணின குரல் எனக்காக நிக்குமா அண்ணி?”

மூலையில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த மைக்செட்காரர் சிரித்தார். “கேசட் சிக்கியிருக்கும்யா.”

“கம்ப்யூட்டர்ல போடறேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“கம்ப்யூட்டரும் சிக்கும். அதுவும் மனுஷன் பண்ணினதுதானே?”

டோலக்குக்குச் சிரிப்பு வரவில்லை. குளிக்கும்போது பக்கத்தில் யாரோ தொண்டையைக் கனைக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் வாளிதான் இருக்கிறது.

“இப்பவே போடுங்க. வேணும்னே ஒரு தட்டை விடறேன். குரல் நிக்காமப் போச்சுன்னா என் புத்திதான் பிசகு, எல்லா விழாவுக்கும் வர்றேன். நின்னுச்சுன்னா என்னை விட்டுடுங்க.”

அண்ணி மைக்செட்காரரைப் பார்த்தாள். அவர் சுருட்டிய ஒயரையே மறுபடியும் சுருட்டினார்.

“இப்ப எதுக்குய்யா? மிஷின் சூடா இருக்கு.”

“போடுங்க!”

ஹாலின் கோடியில் பலகைத் தடுப்பு. அதற்குப் பின்னால்தான் ஒலி அறை. தூசி ஆகாது என்று சாவியைக்கூட யாரிடமும் தராத மைக்செட்காரர், உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார். ஒரு பொத்தானை அமுக்க இவ்வளவு நேரமா என்று தோன்றியது டோலக்குக்கு.

ஸ்பீக்கரில் முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் அண்ணன்.

படகுப் பாட்டு. தண்ணீரில் போனவர் தண்ணீரைப் பாடினார். பிற்பகல் வெயில் ஜன்னலில் பளீரென்று அடிக்க, டோலக்குக்கு முதுகு சில்லிட்டது. கைகள் தாமாகவே தாளத்தில் விழுந்தன. பல்லவி போயிற்று. முதல் சரணம் போயிற்று.

இரண்டாவது சரணத்தின் நடுவில், வலது கையை அந்தரத்தில் நிறுத்தினான்.

குரல் ஓடியது. நிற்கவில்லை. அண்ணி பெருமூச்சு விட்டாள். டோலக்கு கண்ணை மூடினான். அப்பாடா, பைத்தியம் எனக்குத்தான்.

அடுத்த சொல்லின் விளிம்பில், தன்னை அடக்க முடியாதது போல, குரல் நின்றது.

ஜனமில்லாத ஹாலில் ஒரு மூச்சு மட்டும் காத்துக்கொண்டிருந்தது. டோலக்கு கையை இறக்கினான். தட்டு விழுந்தது. அதே நொடியில், அதே சொல்லில், அண்ணன் எடுத்தார்.

டோலக் உருண்டது. அவன் ஸ்பீக்கரைப் பார்த்துக் கைகூப்பிக் கதறினான். “போய்ச் சேருங்கண்ணே! உங்களுக்கு இன்னும் என்ன குறை? உயிரோட இருந்த காலம் பூரா வாசிச்சேன், போதாதா? என்னை விட்டுடுங்க!”

வாசலை நோக்கி ஓடினான். “தம்பி, நில்லு! சொல்றதைக் கேளு!” என்று அண்ணி பின்னாலேயே ஓடினாள். அவன் வாசற்படியில் காலை வைத்தபோது, பின்னால் பலகைக் கதவு திறந்தது.

கழுத்தில் ஹெட்போனும் கையில் டீ கிளாசுமாக வெளியே வந்தவர் கொஞ்சம் இளைத்திருந்தார். தாடி வைத்திருந்தார். தரையில் அவர் நிழல் விழுந்தது.

“உஷ்... கதவைச் சாத்துடா,” என்றார் அண்ணன். “உயிரோட பாடினப்போ எவன்டா டிக்கெட் வாங்கினான்?”