கைகாட்டியின் டியூட்டி

தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நடைபாதை போட்டவர்கள், அழகுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று பழைய ரயில் கைகாட்டியை மட்டும் விட்டுவைத்தார்கள். அதன் கை ‘நில்’ என்று நீட்டியபடியே துருவேறி இறுகிக் கிடந்தது.

நடப்பவர்களும் சைக்கிளில் வருபவர்களும் சட்டையே செய்யவில்லை. கைகாட்டிக்கு ஒரே பதைப்பு.

“கையை நீட்டியிருக்கேன், அவங்கபாட்டுக்குப் போறாங்களே! என்ன ஆகப்போகுதோ!”

மூன்று மாதமாக ஒன்றும் ஆகவில்லை.

அதன்மேல் சாய்ந்திருந்த வாடகை சைக்கிள் கேட்டது: “ஏண்ணே, அந்தக் காலத்துல ரயிலையெல்லாம் நீங்களா நிறுத்துனீங்க?”

“பின்னே?” என்றது கைகாட்டி. பிறகு யோசித்தது. “கேபின்ல ஒருத்தர் லீவரைப் போடுவார். கம்பி என் கையை ஆட்டும். டிரைவர் பிரேக் பிடிப்பார். நடுவுல நான்... விறைப்பா நின்னேன். இதுக்கா நாற்பது வருஷம் அவ்வளவு மிடுக்கு!” அதற்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்நேரம் நடந்துவந்த ஒரு பெண்மணி, நீட்டிய கைக்கு நேர் கீழே டக்கென்று நின்றார்.

“பாத்தியா! நின்னுட்டாங்க!”

“ஷூ லேஸ் அவுந்துபோச்சுண்ணே. கட்டுறாங்க.”

“தெரியும். மெதுவாப் பேசு,” என்றது கைகாட்டி. “அவங்க கட்டி முடிக்கிறவரைக்கும் நான் டியூட்டியில இருக்கேன்.”